காதில் விழாத கிட்டார்: ஃப்ரெடி கிரீன் அப்படி என்ன வாசித்தார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். "ஸ்விங் காலத்து ரிதம் கிட்டார் என்றாலே எல்லோரும் ஃப்ரெடி கிரீன் பெயரைத்தான் சொல்கிறார்கள். கவுன்ட் பேஸி ஆர்கெஸ்ட்ராவில் ஐம்பது வருஷம் இருந்தார் என்கிறார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாலும் அவர் கிட்டார் என் காதில் விழவில்லை. சோலோவும் கிடையாது. அப்படி என்னதான் வாசித்தார்? நான் அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?"

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: ஸ்விங் என்பது 1930, 40-களில் அமெரிக்காவில் பெரிய குழுக்கள் நடனத்துக்கு வாசித்த ஜாஸ் இசை, கவுன்ட் பேஸி அப்படியொரு குழுவின் தலைவரும் பியானோக்காரரும். ரிதம் கிட்டார் என்றால் தனியாக மெட்டு வாசிக்காமல் தாளத்தைத் தாங்கும் கிட்டார். உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. முதல் ஒரு வருஷம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிட்டார் என்று தனியாக ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். தேடும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சரியான பதிவு 'லில் டார்லின்'. நீல் ஹெஃப்டி எழுதிய பாட்டு, 1957-இல் பேஸி குழு பதிவு செய்தது. ஹெஃப்டி இதைவிட வேகமாகத்தான் மனதில் வைத்திருந்தாராம். பேஸிதான் காலப்பிரமாணத்தை இழுத்துக் குறைத்து, கிட்டத்தட்ட நின்றுவிடுமோ என்று தோன்றும் அளவுக்குக் கொண்டுவந்தார். அந்த நிதானம் நமக்கு உதவுகிறது. வெண்டல் கல்லி டிரம்பெட் சோலோ எடுக்கும் இடத்துக்குப் போங்கள். டிரம்பெட்டை விட்டுவிட்டு டபுள் பாஸை, அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தத் தாழ்ந்த சுருதிக் கம்பி வாத்தியத்தை, மட்டும் பிடியுங்கள். ஒவ்வொரு பாஸ் ஸ்வரமும் 'தும்' என்று மெத்தென்று எழும்புகிறது இல்லையா? அதன் முன்பக்கத்தில் மரத்தில் விரல் முட்டியால் தட்டியது போல ஒரு சின்ன 'சக்' இருக்கும். அது பாஸின் சத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். அதுதான் கிரீன். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்தப் பேஸி பதிவிலும் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆக, அவர் உங்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தார், பாஸும் டிரம்ஸுமாக. அதைத்தான் அவரும் விரும்பினார். கிட்டார் தனியாக எட்டிப் பார்த்தால் தன் வேலையில் ஏதோ பிசகு என்று எடுத்துக்கொள்ளும் ரகம் அவர்.

ஆள் எங்கிருந்து வந்தார் என்று கொஞ்சம் சொல்கிறேன். 1911 மார்ச் 31-இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். அங்கே ஜென்கின்ஸ் அனாதை இல்லம் என்று ஒன்று இருந்தது. அந்த இல்லத்துப் பிள்ளைகளின் பேண்டு ஊர் ஊராகப் போய்த் தெருவில் வாசித்துப் பணம் திரட்டும். ஜாபோ ஸ்மித், கேட் ஆண்டர்சன் போன்ற பெரிய டிரம்பெட்காரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். கிரீன் அந்த இல்லத்துப் பிள்ளை கிடையாது. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்த சாம் வாக்கர் என்பவரிடம் நோட்டேஷன் படிக்கக் கற்றார், அந்தப் பேண்டோடு ஊர் சுற்றி வாசிக்கவும் செய்தார். அப்போது அவர் கையில் இருந்தது பேஞ்சோ, அதாவது தோல் போர்த்திய வட்ட உடம்புள்ள கம்பி வாத்தியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேஞ்சோவில் ஸ்வரம் நீடிக்காது. தட்டினால் உடனே செத்துவிடும். பின்னாளில் கிட்டாரில் அவர் வாசித்த குட்டைத் தட்டுக்கு அங்கேயே ஒரு வேர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் இறந்தபின் பதின்ம வயதிலேயே நியூயார்க்கில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் வேலை, ராத்திரியில் ஹார்லெம் கிளப்புகளில் வாசிப்பு. அங்கேதான் பேஞ்சோவை வைத்துவிட்டுக் கிட்டாருக்கு மாறினார். பிறகு கிரீனிச் வில்லேஜில் 'பிளாக் கேட்' என்ற கிளப்பில் வேலை கிடைத்தது. அங்கே டிரம்ஸ் வாசித்தவர் கென்னி கிளார்க். ஆம், பின்னாளில் பீபாப் என்ற 1940-களின் புதுவகை ஜாஸில் டிரம்ஸுக்கு வழி போட்ட அதே கென்னி கிளார்க்.

பாடகி பில்லி ஹாலிடேயைப் பதிவுக்கூடத்துக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஒருநாள் அந்தக் கிளப்பில் கிரீனைக் கேட்டார். பேஸியின் குழு அப்போதுதான் கான்சஸ் சிட்டியிலிருந்து கிளம்பி, சிகாகோ வழியாக நியூயார்க் வந்து, ரோஸ்லாண்ட் நடன அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் கிட்டாரும் வயலினும் வாசித்தவர் கிளாட் வில்லியம்ஸ். நல்ல கலைஞர், வயலினில் அசாத்தியமானவர். ஆனால் ஹாமண்டுக்கு ரிதம் மட்டுமே வாசிக்கும் கிட்டார்காரர் தேவைப்பட்டார். கிரீனை ரோஸ்லாண்டுக்கு அழைத்துப் போய் வாசிக்க வைத்தார், பேஸி எடுத்துக்கொண்டார். 1937 ஜனவரியில் டெக்கா நிறுவனத்துக்காகப் பேஸி குழு செய்த முதல் பதிவில் வில்லியம்ஸ் இருக்கிறார். அதே ஆண்டு மார்ச் 26-இல் நடந்த அடுத்த பதிவில் கிரீன் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி. வில்லியம்ஸ் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அதன்பிறகும் 2004 வரை வாழ்ந்து, முதுமையில் வயலின்காரராக மறுபடியும் பெயர் வாங்கினார்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். பேஸியின் பியானோ, கிரீனின் கிட்டார், வால்டர் பேஜின் பாஸ், ஜோ ஜோன்ஸின் டிரம்ஸ். இந்த நாலு பேரையும் 'ஆல் அமெரிக்கன் ரிதம் செக்‌ஷன்' என்பார்கள். இவர்கள் சேர்ந்து செய்ததைப் புரிந்துகொண்டால்தான் கிரீன் புரிவார்.

அதற்கு முன்னால் பெரும்பாலான குழுக்களில் டிரம்மர் பேஸ் டிரம்மை, அதாவது தரையில் நிற்கும் பெரிய டிரம்மை, காலால் ஓங்கி மிதித்துத் தாளத்தைப் பிடிப்பார். பியானோ இடது கையால் 'ஊம்-பா' என்று தூண் நிறுத்தும். எல்லோரும் ஒரே பாரத்தைத் தூக்குவார்கள், சத்தம் கனத்துக் கிடக்கும். ஜோ ஜோன்ஸ் தாளத்தைக் காலிலிருந்து ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோனார். ஹை-ஹாட் என்பது பெடலை மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல். பேஸ் டிரம் மெல்லிய தொடுதலாகிவிட்டது. அடியில் காலியான இடத்தை வால்டர் பேஜ் பாருக்கு, அதாவது நாலு பீட் கொண்ட ஒரு சுற்றுக்கு, நாலு ஸ்வரமாக நடந்து நிரப்பினார். பேஸி இடது கைத் தூண்களை எடுத்துவிட்டு, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று சொட்டு விட்டார். சரி, நடுவில் மிச்சம் இருப்பது என்ன? பாஸுக்கு மேலே, சிம்பலுக்குக் கீழே, பாட்டு எந்தக் கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் எந்த ஸ்வரக் கூட்டில், நிற்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அதை ஒவ்வொரு பீட்டிலும் சொல்ல வேண்டும், ஆனால் யார் வழியிலும் நிற்கக் கூடாது. கிரீனின் இடம் அதுதான்.

அன்றைய டபுள் பாஸில் குடல் நரம்புக் கம்பி, ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ஸ்வரம் உருண்டு திரண்டு வரும், ஆனால் தொடக்கம் மழுங்கலாக இருக்கும். கிரீனின் கிட்டார் அந்த ஸ்வரத்துக்கு ஒரு கூர்மையான முனை கொடுக்கிறது. பாஸ் பதிலுக்குக் கிட்டாருக்கு உடம்பு கொடுக்கிறது. இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக விழுந்தால் மூன்றாவதாக ஒரு வாத்தியம் பிறக்கிறது. குழுவே சேர்ந்து ஊதும்போதும் ஆடுகிறவர்களின் கால் வரை போய்ச் சேர்ந்தது அந்த வாத்தியத்தின் சத்தம்தான்.

கைக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சாதாரணமாக நாம் ஜி7 கார்டு போட்டால் ஆறு கம்பியும் ஒலிக்கும். கிரீன் போடுவது மூன்று ஸ்வரம். ஆறாவது கம்பியில், அதாவது தடித்த கம்பியில், மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு): ஜி என்ற ஸ்வரம். நாலாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்: எஃப். மூன்றாவது கம்பியில் நாலாவது ஃப்ரெட்: பி. மற்ற மூன்று கம்பிகளையும் விரலின் சதைப்பக்கம் தொட்டு ஊமையாக்கிவிடும். இந்த மூன்றிலும் உண்மையில் கார்டின் குணத்தைச் சொல்வது எஃப்பும் பியும்தான். ஜியைப் பாஸே வாசித்துவிடுகிறது. அடுத்து சி7 வருகிறது என்று வையுங்கள். எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகும். பி ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஃபிளாட் ஆகும். முடிந்தது. கழுத்து நெடுக ஓட வேண்டாம், கை இருந்த இடத்திலேயே ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும். நம் காதுக்கு அது கார்டு மாறியது போலவும் கேட்கும், உள்ளே யாரோ ஒரு சின்ன மெட்டை முணுமுணுப்பது போலவும் கேட்கும்.

அந்த முணுமுணுப்பை அவர் வளர்த்துக்கொண்டே போனார். ஒரே கார்டு இரண்டு பார் நீடித்தால் அதையே நாலு தட்டும் எட்டுத் தட்டும் தட்டிக்கொண்டு உட்கார மாட்டார். பக்கத்துக் கார்டுகளைப் படியாக வைத்து ஏறி இறங்குவார். வயது ஏற ஏற இன்னும் குறைத்தார். பதிவுகளை உன்னிப்பாகக் கேட்டு எழுதியவர்கள் சொல்வது இது: கை மூன்று ஸ்வரக் கார்டு வடிவத்தில் இருக்கும், ஆனால் பல இடங்களில் உண்மையில் அழுத்தி ஒலிப்பது ஒரே ஒரு ஸ்வரம், பெரும்பாலும் நாலாவது கம்பியில். மற்ற விரல்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவற்றிலிருந்து வருவது ஸ்வரம் இல்லாத 'சக்'. ஒரு ஸ்வரமும் கொஞ்சம் மரச்சத்தமும் கலந்ததுதான் அவருடைய கார்டு. டபுள் பாஸுக்கு மேலே, சாக்ஸபோன்களுக்கு நடுவே நாலாவது கம்பியின் ஒலி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் அந்தக் கம்பி என்று புரியும். ஆண் குரலின் நடு உயரம் அது. அதற்குக் கீழே போனால் பாஸ் விழுங்கிவிடும், மேலே போனால் ஊதுகிறவர்களோடு மோதும்.

வலது கை எப்போதும் மேலிருந்து கீழேதான். பாருக்கு நாலு. மேல்நோக்கி ஒரு தட்டு, இடையில் ஒரு அலங்காரம், எதுவும் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 180 பீட் வேகத்தில் மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 540 தட்டு. ஒரு ராத்திரியில் எத்தனை பாட்டு, வருஷத்தில் எத்தனை ராத்திரி!

ஆனால் ரகசியம் வலது கையில் இல்லை, இடது கையில் இருக்கிறது. தட்டின ஸ்வரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை இடது கைதான் முடிவு செய்கிறது. அழுத்திய விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி அந்தக் கணமே நின்றுவிடும். சீக்கிரம் தளர்த்தினால் வெறும் 'டிக்'. தாமதமாகத் தளர்த்தினால் அடுத்த பீட்டின் மேல் வழிந்து, எல்லாம் குழம்பாகிவிடும். கிரீனின் தட்டு இரண்டுக்கும் நடுவே, அடுத்த பீட்டுக்கு வழி விட்டு நிற்கும். பாட்டின் வேகத்துக்கு ஏற்ப அந்த நீளம் மாறும். 'லில் டார்லின்' போன்ற நிதானப் பாட்டில் தட்டு கொஞ்சம் நீண்டு மூச்சு விடும், வேகப் பாட்டில் சுருங்கிக் காய்ந்துவிடும். பலர் அவரைப் பின்பற்றுகிறேன் என்று கார்டு வடிவங்களை மட்டும் கற்றுக்கொள்கிறார்கள். வடிவங்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும். நீளம்தான் வராது.

இரண்டாவது, நாலாவது பீட்டை அழுத்தித் தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறவர்கள் உண்டு. கிரீனில் அந்த அழுத்தம் மிகக் கொஞ்சம் என்றே என் காதுக்குப் படுகிறது. ஹை-ஹாட் மூடுவது அந்த இரண்டு பீட்டில்தான். கிட்டாரும் அங்கே சேர்ந்து விழுவதால் நமக்கு அழுத்தம் போலத் தெரிகிறது. கிட்டாரை மட்டும் பிரித்துக் கேட்டால் நாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

வாத்தியத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எபிஃபோன் எம்பரர். பிறகு பாஸ்டனில் தந்தையும் மகனுமாகக் கையால் செய்த ஸ்ட்ராம்பர்க் மாஸ்டர் 400. அடிப்பாகம் 19 அங்குல அகலம், மடியில் வைத்தால் ஆளே மறைந்துவிடுவார். பிந்தைய ஆண்டுகளில் கிரெட்ச் எல்டொராடோ. எல்லாமே ஆர்ச்டாப், அதாவது வயலின் மாதிரி மேல்பலகை வளைந்த அக்கூஸ்டிக் கிட்டார். கம்பிகளை ஃப்ரெட் பலகையிலிருந்து மிக உயரத்தில் வைத்திருப்பார். வாங்கிப் பார்த்த மற்ற கிட்டார்காரர்கள் அழுத்தவே திணறியிருக்கிறார்கள். உயரமான கம்பி ஓங்கித் தட்டினாலும் ஃப்ரெட்டில் உரசாது, சத்தம் கூடும். அதைவிட முக்கியம், விரலைத் துளி தளர்த்தினாலே கம்பி ஃப்ரெட்டை விட்டு எழுந்துவிடும், ஒலி சட்டென்று நிற்கும். மேலே சொன்ன நீளக் கட்டுப்பாட்டுக்கு அது தோது. உட்காரும்போது கிட்டாரைச் செங்குத்தாக வைக்காமல், முகப்பு மேலே பார்க்கும்படி மடியில் சாய்த்து வைத்திருப்பார். பழைய வீடியோக்களில் முதலில் கண்ணில் படுவது இதுதான். உடம்போடு ஒட்டினால் கிட்டாரின் பின்பலகை அதிராது, அதனால்தான்.

எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் போகவே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருமுறை போனார். முப்பதுகளின் இறுதியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கி மேடைக்குக் கொண்டுவந்தார், சோலோவும் எடுக்க ஆரம்பித்தார். அவர் சோலோ எடுக்கும்போது ரிதம் செக்‌ஷனின் அடித்தளமே ஆடியது. டிரம்பெட்காரர் ஹாரி 'ஸ்வீட்ஸ்' எடிசன் பின்னாளில் சொன்ன கதை இது: குழுவினர் ஒருவர் மாற்றி ஒருவர் அந்த ஆம்ப்ளிஃபையரைக் கெடுத்துவைப்பார்களாம். இவர் சரி செய்துகொண்டு வருவார், மறுபடி வேலை செய்யாது. கடைசியில் உள்ளே இருந்ததையே எடுத்துவிட, அவரும் விட்டுவிட்டார். எனக்கு இது வேடிக்கைக் கதையாகத் தெரிவதில்லை. லெஸ்டர் யங் போன்ற பெரிய சாக்ஸபோன்காரர்கள் உட்கார்ந்திருந்த குழு அது. அந்த 'சக்' இல்லாவிட்டால் தங்களால் பறக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோலோவே கிடையாது என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை. 1938 ஜனவரி 16-இல் கிளாரினெட்காரர் பென்னி குட்மன் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியில், பல குழுக்காரர்கள் சேர்ந்து வாசித்த 'ஹனிசக்கிள் ரோஸ்' பாட்டில் கிரீனுக்கும் ஒரு முறை வந்தது. கார்டுகளாலேயே ஒரு சோலோ எடுத்தார். 1950-இல் அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வந்தபோது அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். 1999-இல் வந்த முழுப் பதிப்பில்தான் திரும்பக் கிடைத்தது. அதே 1938-இல் கான்சஸ் சிட்டி சிக்ஸ் என்ற சிறு குழுவோடு 'தெம் தேர் ஐஸ்' பாட்டை அவர் பாடியும் இருக்கிறார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 24, மறுபடியும் கார்னகி ஹால். கான்சஸ் சிட்டி சிக்ஸில் இப்போது இரண்டு கிட்டார்: எலக்ட்ரிக்கில் சார்லி கிறிஸ்டியன், அக்கூஸ்டிக்கில் கிரீன். கிட்டார் என்ற வாத்தியம் அன்றிலிருந்து எந்த வழியில் போகும் என்பதை அந்த மேடையில் பார்க்கலாம். கிறிஸ்டியன் சாக்ஸபோன் போல ஒற்றை ஸ்வரங்களைக் கோத்து வாசிக்கிறார். உலகம் முழுவதும் கிட்டார்காரர்கள் அவர் பின்னால்தான் போனார்கள். பாவம், காசநோயால் 1942 மார்ச்சில் 25 வயதில் போய்விட்டார். குட்மன் குழுவில் அவர் இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. அவரைத் தாங்கிப் பிடித்து அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் அதே நாலு தட்டைத் தட்டினார். கிறிஸ்டியன் பறக்கும் இடங்களில் கீழே கிரீனைக் கேளுங்கள். தட்டு துளியும் அசையாது.

1950-இல் பெரிய குழுக்களுக்குப் பணக்கஷ்டம் வந்தது. பேஸி குழுவைக் கலைத்துவிட்டு ஆறேழு பேரோடு சிறு குழு அமைத்தார். கிட்டாருக்கு அதில் இடமில்லை. கிரீன் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்தக் குழு வாசிக்கும் இடத்துக்கு நேரே போய் உட்கார்ந்துவிட்டார். 'என் நல்ல வயதையெல்லாம் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது விட்டுவிட்டுப் போகவா?' என்ற தொனியில் பேஸியிடம் கேட்டதாகச் சொல்வார்கள். பேஸி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அந்த நாற்காலியை யாரும் கேட்கவும் இல்லை. பேஸி அவரை 'பெப்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்.

1952 வாக்கில் பெரிய குழு மறுபடி எழுந்தது. இந்த இரண்டாவது குழுதான் கிரீனின் கலையைக் கேட்க வசதியானது. பதிவுத் தரம் மேம்பட்டுவிட்டது. டிரம்மர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: கஸ் ஜான்சன், சோனி பேய்ன், ஹெரால்ட் ஜோன்ஸ், புட்ச் மைல்ஸ். பாஸிலும் பலர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குணம், சோனி பேய்ன் பட்டாசு போல வெடிப்பார். ஆனால் குழுவின் நடை மாறவில்லை. புதிதாக வருகிற டிரம்மர் கிரீனோடு ஒட்டி நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

பாட்டு எழுதுவதிலும் அவருக்குக் கை உண்டு. 'கார்னர் பாக்கெட்' அவர் எழுதியது. 1955-இல் பதிவான 'ஏப்ரல் இன் பாரிஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. பின்னர் அதற்கு வரிகள் சேர்த்து 'அன்டில் ஐ மெட் யூ' ஆனது, மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு பாடி கிராமி வாங்கியது. பாட்டு எழுதத் தெரிந்தவர், சோலோ எடுக்கத் தெரிந்தவர், பாடவும் தெரிந்தவர் நாலு தட்டோடு இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அது அவராகத் தேர்ந்துகொண்ட இடம்.

1984 ஏப்ரலில் பேஸி காலமானார். கிரீன் குழுவிலேயே இருந்தார், முதலில் தாட் ஜோன்ஸ் தலைமையில், பிறகு ஃபிராங்க் ஃபாஸ்டர் தலைமையில். 1987 பிப்ரவரி கடைசியில் பாடகி டயான் ஷூரோடு குழு ஒரு ஆல்பம் பதிவு செய்தது. அதுதான் அவருடைய கடைசிப் பதிவு. சில நாளில், மார்ச் 1-ஆம் தேதி, லாஸ் வேகஸில் கச்சேரி முடிந்தபின் மாரடைப்பில் இறந்தார். வயது 75. 1937 மார்ச் முதல் 1987 மார்ச் வரை, ஐம்பது வருஷக் கணக்கு அப்படித்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். நான் வார இறுதிகளில் ஒரு சிறு குழுவோடு வாசிக்கிறேன். ஆரம்பத்தில் ஆறு கம்பியையும் அள்ளித் தட்டிக்கொண்டிருந்தேன். பியானோ வாசிக்கும் அக்கா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வாசிக்கிற எல்லா ஸ்வரமும் என்கிட்ட இருக்கு, என்கிட்ட இல்லாததைக் கொடு" என்றார். அன்றைக்குத்தான் மூன்று கம்பிக்கு வந்தேன். அதன்பின் நான் செய்த பயிற்சி இது, எனக்குப் பலன் கொடுத்தது.

ஆர்ச்டாப் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சாதாரண அக்கூஸ்டிக் போதும். கம்பியைத் தட்டுவதற்கான சின்ன வில்லையான பிக்கில் தடித்ததாக எடுங்கள். முதலில் கார்டே வேண்டாம். இடது கை விரல்களைக் கம்பிமேல் வெறுமனே வைத்து எல்லாவற்றையும் ஊமையாக்கி, சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-இல் வைத்து, அந்தச் சத்தத்தை இரண்டாவது நாலாவது பீட்டாகப் பாவித்து நாலையும் தட்டுங்கள். அதாவது பாட்டின் வேகம் 120. நாலு தட்டும் ஒரே எடையில் வரும்வரை இதுதான். அப்புறம் நாலாவது கம்பியில் மட்டும் விரலை அழுத்தித் தளர்த்துங்கள். தளர்த்துகிற கணத்தைக் காதால் கேளுங்கள், அது பீட்டுக்குப் பீட்டு மாறிக்கொண்டே இருப்பது தெரியும். அது ஒரே இடத்தில் வந்து நின்றபின் மூன்று ஸ்வரக் கார்டுக்குப் போகலாம். ஜியில் ஒரு படி வரிசை தருகிறேன், ஆறாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகளின் ஃப்ரெட் எண்கள்: 3-2-4, பிறகு 5-5-5, பிறகு 6-5-6, பிறகு 7-5-7. ஒரு பீட்டுக்கு ஒன்று. மேலே பி, சி, சி ஷார்ப், டி என்று ஒரு மெட்டு ஏறுவது கேட்கும். அது கேட்கும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷத்தில் கை சத்தத்தைக் கூட்டும். கூட்டாதீர்கள்.

குழுவோடு வாசிக்கும்போது ஒரே சோதனை: பாஸ்காரர் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கிட்டார் உங்களுக்கே தனியாகக் கேட்டால் ஒன்று சத்தம் அதிகம், இல்லையென்றால் நீங்கள் அவரோடு சேர்ந்து விழவில்லை.

கேட்க வேண்டியவை என்று பெரிய பட்டியல் தேவையில்லை. பெரிய குழுவில் அவரைப் பிடிக்கக் கஷ்டமாக இருந்தால் 1962-இல் பதிவான 'கவுன்ட் பேஸி அண்ட் த கான்சஸ் சிட்டி 7' ஆல்பத்தை எடுங்கள். ஏழே பேர், கிட்டார் பளிச்சென்று கேட்கும். அடுத்து 1975-இல் ஹெர்ப் எல்லிஸோடு சேர்ந்து செய்த 'ரிதம் வில்லி'. சோலோ கிட்டார் ஒரு பக்கம், கிரீன் இன்னொரு பக்கம், இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைக் கேட்டபின் 1938-இன் 'ஜம்பிங் அட் த உட்சைடு' பக்கம் வாருங்கள். பழைய பதிவு, இரைச்சல் இருக்கும், ஊதுகிறவர்கள் வெளுத்து வாங்குவார்கள். பாஸின் முன்பக்கத்தில் அந்தச் சின்ன மரச்சத்தத்தைத் தேடுங்கள், இந்த முறை கிடைத்துவிடும்.